வண்டிக்கு ஒரு மூச்சுக்குழல்

காட்டோரத்துக் குளங்களை யானை நீந்திக் கடப்பதைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். உடல் முழுவதும் நீருள் அமிழ்ந்து, முதுகுகூடத் தெரியாத நிலையிலும் அதன் துதிக்கை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். அவ்வளவு பெரிய உடலுக்கு வேண்டிய மூச்சு அந்த ஒரு குழலின் வழியே போய்வருகின்றது.

இயற்கை யானைக்கு அளித்த இவ்வசதியை மனிதன் தன் இயந்திரங்களுக்கு அமைத்துக்கொள்ள வெகுகாலம் சென்றது. இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சற்று முன்னர் ஒல்லாந்தக் கடற்படையினர் தம் நீர்மூழ்கிக் கப்பல்களின் டீசல் இயந்திரங்களுக்குக் காற்றூட்டும் நெடுங்குழாயைப் பொருத்தினர். 1940இல் ஒல்லாந்து வீழ்ந்தபோது அவ்வமைப்பு ஜெர்மானியர் கைக்குச் சென்றது. யுத்தத்தின் இறுதி ஆண்டுகளில் அவர்கள் அதனைப் பெரிதும் கையாண்டனர். 'ஸ்னோர்க்கல்' என்னும் பெயரும் ஜெர்மன் மொழியிலிருந்து வந்ததே. 1944 ஜூன் 6ஆந் திகதி நோர்மண்டிக் கரையில் இறங்கிய போர் வண்டிகள் பலவும் காற்றுக்குழாயையும் புகைக்குழாயையும் உயர்த்திக்கொண்டே கடல்நீரைக் கடந்தன. இன்று நான்கு சில்லுகளாலும் இயங்கும் வண்டிகளின் முன்கண்ணாடி ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் கறுப்புக் குழல் அந்த வழியில் வந்ததாகும். அத்தகைய குழல் ஒன்றை நாங்களே எங்கள் கையாற் பொருத்திய கதையைத்தான் இங்கே கூற விழைகிறேன்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பர். ஞாயிறு படும் கரை என்பது பொருள். வயலும் குளமும் நிறைந்த அப்பகுதியில் என் தமக்கையார் வாழ்க்கைப்பட்டு முப்பது வருடங்களாகின்றன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் நகரத்துக்குச் செல்லும் பயணம் இலகுவாயிற்று. எனினும் உட்கிராமங்களுக்குச் செல்லும் வழிகளிலே தாழ்ந்த தாம்போதிகள் இன்றும் உள. கார்த்திகை, மார்கழி மாதங்களிற் குளங்கள் வான்பாயத் தொடங்கினால் அத்தாம்போதிகளின் மேலால் வெள்ளம் பாயும். அத்தானிடம் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் வண்டி ஒன்று உண்டு. நெல் மூடையும் உரமும் ஏற்றுவது அதுவே. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும் அதுவே. சென்ற ஆண்டு அவர்களுடைய மூத்த மகளுக்கு மார்கழியிலே பிரசவம் என்று வைத்தியர் கூறியிருந்தார். ஆகவே மாரிக்கு முன்னரே வண்டியை ஆயத்தப்படுத்த வேண்டுமென்று ஆடி மாதத்திலேயே வீட்டிற் பேச்சு எழுந்தது.

உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் கற்கும் என் மருமகன் ஒருவன் அவ்வீட்டில் இருக்கிறான். "மாமா, பஞ்சிகாவத்தையில் இந்த வண்டிக்கென்றே வார்த்த குழல் கிடைக்கிறது. வாங்கித் தாருங்கள், நாமே பூட்டிவிடலாம்" என்றான். எனக்கும் ஆயுதங்களைக் கையாண்டு பழக்கமுண்டு. ஆதலின் உடன்பட்டேன்.

குழல் எதற்காக என்பதை மாணவர்கள் முதலில் விளங்கிக்கொள்ளல் நன்று. டீசல் இயந்திரம் தன்னுள் இழுத்த காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்குகின்றது. காற்று நெருக்கத்துக்கு இணங்கும், நீர் இணங்காது. சிலிண்டருக்குள் நீர் புகுந்தால், மேலேறி வரும் பிஸ்டன் கல்லில் மோதியது போல முட்டி நிற்கும். அதனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளையும், சிலவேளை முறியும். ஒரு கணத்தில் நேரும் இச்சேதத்தைத் திருத்தப் பல இலட்சம் ரூபா வேண்டும். அத்தானின் வண்டி 2.8 லீற்றர் கொள்ளளவு உடையது. நிமிடத்துக்கு 2,000 தரம் சுழலும்போது, இரு சுழற்சிக்கு ஒருமுறை அக்கொள்ளளவு காற்றை இழுப்பதால், நிமிடமொன்றுக்கு ஏறக்குறைய 2,800 லீற்றர் காற்று அதற்கு வேண்டும். மட்காட்டினுள் மறைந்திருக்கும் அதன் வாய் நீரைத் தொட்டால், அவ்வளவு வேகத்துடன் நீரையும் உறிஞ்சும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இக்கணக்கே குழலைத் தெரிவதற்கும் வழிகாட்டும். வண்டியின் பழைய காற்று வாயிலும் ஒடுங்கிய குழலைப் பூட்டினால் இயந்திரம் மூச்சுத் திணறும். வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் பி.வி.சி. குழாய்களை வெட்டி ஒட்டிச் சமாளிப்பவர்களும் உளர். முழங்கை வளைவுகள் கூடக் கூடக் காற்றோட்டம் தடைப்படும்; இயந்திரச் சூட்டில் அக்குழாய் இளகவுங்கூடும்.

வேலை ஒரு சனிக்கிழமை காலை தொடங்கிற்று. முதலிலே பற்றரியின் இணைப்பைக் கழற்றினோம். குழலுடன் வந்த கடதாசி மாதிரியை மட்காட்டின் மேல் ஒட்டி, துளை வரவேண்டிய இடங்களைக் குறித்தோம். குறித்தபின் குழலையே தூக்கிப் பிடித்து, முன்கண்ணாடியின் ஓரத் தூணோடு அது இசைகின்றதா என்று பார்த்தோம். தகட்டில் இட்ட துளையை மீண்டும் அடைக்க இயலாதல்லவா? ஆகையால் மும்முறை அளந்தபின்னரே ட்றில்லைக் கையில் எடுத்தோம். தகட்டின் பின்னால் மின்கம்பி ஏதும் ஓடுகின்றதா என்பதையும் உள்ளே கைவிட்டுத் தடவி அறிந்துகொண்டோம்.

முதல் துளையை இடும் நேரத்தில் அத்தான் வீட்டுக்குள் எழுந்து போய்விட்டார். இருபது வருடம் பிள்ளைபோற் பேணிய வண்டியிற் பெரிய வட்டமாக ஓட்டை விழுவதைக் காண அவருக்கு மனம் ஒப்பவில்லை. சிறு துளையிட்டு, அதனை நடுவாகக் கொண்டு வட்டவாளால் வெட்டினோம். பிசிர்களை அரத்தால் ராவி, வெட்டிய விளிம்பெங்கும் துருத்தடுப்பு மையைப் பூசினோம். உப்புக்காற்று வீசும் நாட்டில் இவ்வேலையை விட்டால் அடுத்த மாரிக்குள் துரு தகட்டைத் தின்றுவிடும். இரும்புத்தூள் இயந்திரத்துள் போகாதிருக்கக் காற்றுக் குழாயின் வாயிலே துணி அடைத்திருந்தோம். மருமகன் எத்தனை துணி அடைத்தான் என்பதைச் சுவரிற் கரியால் எழுதிவைத்து, இறுதியில் அத்தனையையும் எண்ணி எடுத்தான். அவனுடைய அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

பின்னர் குழலை ஆணிகளால் இறுக்கி, அதன் மேற்பகுதியைக் கண்ணாடித் தூணிற் பொருத்திய தாங்கியோடு பிணைத்தோம். மட்காட்டின் உட்புறத்திலிருந்து காற்று வடிகட்டிப் பெட்டிவரை நெளிகுழாயைச் செலுத்தி, இரு முனைகளையும் கிளிப் போட்டு முறுக்கினோம். மூட்டுகள் யாவற்றுக்கும் சிலிக்கோன் பசை இட்டு, இரவு முழுவதும் காயவிட்டோம்.

மறுநாள் நடந்த சோதனையே இவ்வேலையின் உயிர்நிலை. குழலின் தலையைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, றப்பர் ஒட்டிய பலகையால் குழல் வாயை மூடவேண்டும். மூச்சு அடைபட்ட இயந்திரம் ஓரிரு கணத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் வேறெங்கோ ஒரு வழியால் காற்றுப் புகுகின்றது என்பது பொருள். காற்றுப் புகும் வழியால் நீரும் புகும். மருமகன் பலகையை வைத்து அழுத்தினான். இயந்திரம் சோர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. அவன் தரையிற் படுத்துக் காதைத் தீட்டிக் கேட்டான். வடிகட்டிப் பெட்டியின் அடியிலே தூசியும் நீரும் வடிவதற்கென வண்டி செய்தவர்களே விட்டிருந்த சிறு றப்பர் வாயிலிருந்து சீழ்க்கை போன்ற ஓசை வந்தது. அவ்வாயை அடைத்து மீண்டும் சோதித்தபோது இயந்திரம் சட்டென அடங்கிற்று. அவ்வளவு பெரிய குழலைப் பூட்டியும், விரல் பருமனான அத்துளையைக் கவனியாது விட்டிருந்தால் அனைத்தும் வீணாகியிருக்கும்.

மூச்சு விடுவது இயந்திரம் மட்டுமன்று. கியர் பெட்டிக்கும், முன்பின் அச்சுகளுக்கும் காற்றுப் போக்கிகள் உண்டு. ஓடிச் சூடேறிய அச்சு திடீரெனக் குளிர்நீரில் இறங்கும்போது, உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கிப் போக்கியின் வழியே நீரை உள்ளிழுக்கும். எண்ணெய் பாலாகத் திரியும். அவற்றுக்கும் மெல்லிய குழாய் மாட்டி உயரத்தில் முடித்தோம்.

வேலை முடிந்தபின்னர் மருமகனின் முகத்தில் ஒரு வீரக்களை தோன்றிற்று. இனி எந்த வெள்ளமும் தடையில்லை என்று தம்பி தங்கைகளிடம் கூறிக்கொண்டிருந்தான். நான் அவனை அழைத்து, "தம்பி, ஆக்கிமிடீஸ் தத்துவம் படித்திருக்கிறாய் அல்லவா? வண்டியின் அடித்தளம் நான்கு மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் அகலம் என்று வைத்துக்கொள். தளத்துக்கு மேலே பத்துச் சென்ரிமீற்றர் நீர் ஏறினால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவன் கரித்துண்டை எடுத்துச் சுவரில் எழுதினான். 0.6 கன மீற்றர். 600 கிலோகிராம் நீர். அவ்வளவு எடை வண்டிக்குக் குறைந்தது போலாகும். முப்பது சென்ரிமீற்றர் ஏறினால் 1,800 கிலோகிராம். வெறும் வண்டியின் எடையோ ஏறக்குறைய 1,700. உள்ளே நீர் புகும்வரை அது வண்டியன்று, சுக்கானில்லாத தோணி. விடையைப் பார்த்தபடி அவன் வெகுநேரம் பேசாமல் நின்றான்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 2024 நவம்பர் 26ஆந் திகதி அம்பாறை மாவட்டத்துக் காரைதீவு, மாவடிப்பள்ளிப் பகுதியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் ஒன்று வெள்ளத்தில் அடிபட்டுப் போய்ச் சிறுவர்கள் உயிரிழந்ததை நம் நாடு மறந்திராது. உயர்ந்த சில்லு உடையது உழவு இயந்திரம். பாயும் நீரின் முன்னே அவ்வுயரமும் போதவில்லை.

அன்று மாலையே நாங்கள் மூவரும் தாம்போதிக்குச் சென்று, எங்கள் பக்கத்தில் ஒரு மரத்தடியை நட்டோம். பாதையின் மட்டத்திலிருந்து ஓர் அடி உயரத்தில் அதிலே சிவப்புக் கோடு இட்டோம். நீர் அக்கோட்டுக்கு மேல் ஏறிப் பாய்ந்தால் இறங்குவதில்லை என்பது உடன்பாடு. "ஓர் அடி நீருக்கு இவ்வளவு உயரமான குழல் எதற்கு?" என்று அத்தான் நகைத்தார். வண்டி தள்ளும் அலை எழும்பும்; வெள்ளம் அரித்த குழியிலே முன்சில்லு விழும். குழல் நாம் காணாத ஆழத்துக்கு. கோடு நாம் காணும் ஆழத்துக்கு என்று விடையிறுத்தேன்.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளையை முற்கூட்டியே ஆஸ்பத்திரியிற் சேர்க்க எண்ணி நாங்கள் புறப்பட்ட பிற்பகலிற் சிவப்புக் கோட்டைக் காணவில்லை. பழுப்பு நீர் சுழித்துப் பாய்ந்தது. தாம்போதியின் விளிம்பும் தெரியவில்லை. பின்னாசனத்திலே மகள் தாயின் கையைப் பற்றியபடி இருந்தாள். அத்தான் இயந்திரத்தை நிறுத்தாமல், ஒன்றும் பேசாமல், நீரையே நோக்கிக்கொண்டிருந்தார். முதலிலே வாய் திறந்தவன் மருமகன். "அப்பா, கோடு தெரியவில்லை. திரும்புவோம்" என்றான்.

திரும்பினோம். அவ்விரவு அவ்வீட்டில் எவரும் உறங்கவில்லை. ஊர்க் குடும்பநல மாது வந்து, வலி ஏதுமில்லை என்று கூறிச் சென்றது ஒன்றே ஆறுதல். மருமகன் மணிக்கொருதரம் மின்சூளுடன் சென்று தடியைப் பார்த்து வந்தான். விடியற்காலையிற் கோடு வெளிப்பட்டது. சூரியன் எழுந்தபின் அதற்குக் கீழே நான்கு விரற்கடை நீர் இறங்கியிருந்தது. மெதுவாக, நிறுத்தாமல், ஒரே கியரில் அத்தான் வண்டியைச் செலுத்தினார். நடுவிலே ஓரிடத்தில் முன்சில்லு குழியில் இறங்க, நீர் பொனெற்றின் மேல் மோதி எழுந்தது. இயந்திரத்தின் ஓசை மாறவில்லை. ஐந்தாம் நாள் ஆண்குழந்தை பிறந்தது.

மாரி கழிந்து கோடை வந்தபின் அக்குழல் வேறொரு பயனையும் தருகின்றது. கிறவல் வீதியிலே சில்லுகள் கிளப்பும் புழுதி தாழ்வாகவே அடர்ந்து நிற்கும். உயரத்திலுள்ள குழல் வாய்க்குத் தூய காற்றே கிட்டும். வடிகட்டி முன்போல விரைவில் அடைபடுவதில்லை என்று அத்தான் மகிழ்கிறார். இவ்வருடம் மரத்தடியைக் கறையான் அரித்துவிட்டது. ஆகவே அதனைப் பிடுங்கிவிட்டுக் கொங்கிறீற்றுத் தூணொன்றை ஊன்றி, பழைய அளவிலேயே புதிய கோட்டை மருமகன் தீட்டியிருக்கிறான். அயலூர் உழவு இயந்திரக்காரர்களும் இப்போது அத்தூணைப் பார்த்த பின்னரே நீரில் இறங்குகின்றார்களாம்.