கருவி கண்விழிக்கும் கணம்

முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதையை நம் நாட்டார் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். தேவர்க்குத் துணையாகப் போர் புரிந்து களைத்த அம்மன்னன், ஒரு மலைக்குகையில் நெடுந்துயில் கொள்ளும் வரத்தைப் பெற்றான். அத்துயிலைக் கலைப்பவன் எவனோ, அவன் மன்னனது முதற்பார்வையிலேயே எரிந்து சாம்பலாவான் என்பதும் அவ்வரத்தில் அடங்கியிருந்தது. கண்ணனைத் துரத்திக்கொண்டு குகையினுள் புகுந்த காலயவனன், உறங்குபவன் இன்னான் என்று அறியாமல் உதைத்து எழுப்பினான். எழுந்தவன் நோக்கினான், எழுப்பியவன் சாம்பலானான். இக்கதையில் ஒன்றை நாம் கருதவேண்டும். முசுகுந்தனுக்குக் காலயவனன்மீது பகை இல்லை. அவன் யார் என்பதும் தெரியாது. எரித்தது சினம் அன்று. விழிக்கும் கணத்தில் இன்னது நிகழும் என்று முன்னரே அமைந்து கிடந்த ஓர் ஏற்பாடே எரித்தது.

இக்காலத்துக் கருவிகளும் உறங்கி விழிப்பனவே. மின்சாரம் நின்றால் உறங்குகின்றன, வந்தால் விழிக்கின்றன. விழித்த முதற்கணத்தில் அவை என்ன செய்யும் என்பது, பலவிடங்களில், மனிதர் உயிரைப் பற்றிய வினாவாகும்.

ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் ‘தரவு திரட்டி’ எனத்தக்க ஒரு கருவி உண்டு. வெப்பம், அழுத்தம், நீர்மட்டம் முதலியவற்றை உணரிகள் மின்னழுத்தமாக மாற்றித் தருகின்றன. தரவு திரட்டி அம்மின்னழுத்தத்தை அளந்து, எண்ணாக்கி, கணினிக்கு அனுப்புகின்றது. இது அதன் கேட்கும் தொழில். அதற்குச் செய்யும் தொழிலும் உண்டு. கணினியிலுள்ள நிரலின் கட்டளைப்படி அதன் வெளிமுனைகள் மின்னழுத்தத்தை வெளியிடும். பெரும்பாலான கருவிகளில் ஒரு முனை 5 வோல்ட்டை ஒட்டி நின்றால் ‘உயர்ந்தது’ என்றும், சுழியை ஒட்டி நின்றால் ‘தாழ்ந்தது’ என்றும் கொள்வர். அச்சிறு மின்னழுத்தம், இடைநின்ற சில உறுப்புகளின் துணையால், ரிலே என்னும் மின்விசையை இயக்கும். ரிலே பெரிய மின்னடுப்பையோ மோட்டாரையோ இயக்கும். காற்பெருவிரலை அசைத்து யானையை நடத்தும் பாகனது தொழில் போன்றது இது.

கட்டளையிடும் நிரல் கணினியில் இருக்கின்றது என்றேன். மின்சாரம் வந்ததும் தரவு திரட்டி இமைப்பொழுதிற் கண்விழித்துவிடும். கணினியோ அவ்வளவு விரைவில் எழுவதன்று. முதலில் அதன் இயக்கமுறைமை எழவேண்டும். பின்னர் நிரல் தொடங்கவேண்டும். அதற்கு ஒரு நிமிடமும் ஆகலாம். அவ்விடைவேளையில் ஏவலன் விழித்துவிட்டான். ஏவுவோன் இன்னும் எழவில்லை. அப்போது வெளிமுனைகள் எந்நிலையில் நிற்கும்? அந்த நிலையைத்தான் யான் ‘விழிநிலை’ என்று வழங்குகின்றேன்.

இப்பொருளை எனக்கு அறிவித்தவர், பள்ளியில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருவர். இன்று அவர் ஒரு பொறியியற் கல்லூரியில் ஆய்வுக்கூடப் பொறுப்பாளராக இருக்கின்றார். யான் ஓய்வு பெற்றபின் ஒருநாள் என் இல்லத்திற்கு வந்தார்.

“ஐயா, எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர்களுக்காகச் சில செய்திகளைத் தமிழில் எழுதிச் சுவரில் மாட்டவேண்டும். சொற்கள் அமையவில்லை, தாங்கள்தாம் துணைசெய்ய வேண்டும்” என்றார்.

“முதலிற் பொருளைச் சொல்லம்மா, சொல் பின்னே வரும்” என்றேன்.

அவர் சொன்ன நிகழ்ச்சி இது. அவர்தம் ஆய்வுக்கூடத்தில் ஒரு தொட்டி இருந்தது. அதனுள் கலவையைக் கலக்கும் சுழல்தகடு ஒன்று உண்டு. அதனை இயக்கும் ரிலே, தரவு திரட்டியின் ஒரு முனையோடு இணைக்கப்பட்டிருந்தது. பழைய தரவு திரட்டி பழுதுபட்டமையால் புதியதொன்றை வாங்கிப் பொருத்தினர். நிரல் பழையதே; அது நாள்தோறும் குறைவின்றி இயங்கியது. ஒருநாள் மின்சாரம் நின்றது. உதவியாளர் ஒருவர், தொட்டியைத் துலக்க இதுவே தக்க சமயம் என்று எண்ணிக் கையை உள்ளே விட்டுத் துலக்கினார். துணியை அலசுவதற்காகக் கையை வெளியே எடுத்துத் திரும்பினார். அந்நேரம் மின்சாரம் வந்தது; தகடு விசையோடு சுழன்றது. கணினித் திரையில் அப்போதுதான் முதலெழுத்துகள் தோன்றிக்கொண்டிருந்தன. ஆணையிட்டவர் ஒருவரும் இலர். துணியை அலசத் திரும்பாதிருந்தால் அவர் விரல்கள் என்னவாயிருக்கும் என்பதை யான் விரிக்க வேண்டுவதில்லை.

காரணத்தைத் தேடியபோது உண்மை வெளிப்பட்டது. பழைய கருவியில், விழித்ததும் அம்முனை தாழ்ந்தே நிற்கவேண்டும் என்று என்றோ ஒருவர் தம் கையால் அமைத்து வைத்திருந்தார். அவ்வமைப்பு அக்கருவியின் நினைவகத்தில் இருந்தது. கருவியோடு அதுவும் போயிற்று. அமைத்தவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை. புதிய கருவியோ, தொழிற்சாலையில் பிறந்தபடியே விழித்தது. அதனுள் இருந்த சிறு மின்தடையம் முனையை 5 வோல்ட்டின் பக்கமாக மெல்ல இழுத்தது. அம்மெல்லிய இழுப்பே ரிலே வேலை செய்யப் போதுமானதாயிற்று.

இதைக் கேட்டபின் பெயரிடத் தொடங்கினோம். முனை விழிக்கத்தக்க நிலைகள் மூன்று. உயர்ந்து நிற்றல் ஒன்று. தாழ்ந்து நிற்றல் ஒன்று. உயர்வையும் தாழ்வையும் வெளியிடாமல் சுற்றிலிருந்து விலகி நிற்றல் மற்றொன்று. இம்மூன்றாவதனைப் பொறியியலார் ‘டிரைஸ்டேட்’ என்பர். எனக்கு ஆய்தவெழுத்தின் நினைவு வந்தது. உயிரோடும் மெய்யோடும் சேராமல் நிற்றலால் அதற்குத் ‘தனிநிலை’ என்னும் பெயரை இலக்கணம் வழங்குகின்றது. ஆகவே உயர்நிலை, தாழ்நிலை, தனிநிலை என்று மூன்று பெயர்களையும் வகுத்தேன். அவர் மகிழ்ந்தார், ஆயினும் ஓர் ஐயத்தை எழுப்பினார்.

“ஐயா, தனிநிலையில் நிற்கும் முனை உண்மையில் தனித்து நிற்பதில்லையே! பக்கத்திலுள்ளது எது இழுத்தாலும் அதன்வழிச் சென்றுவிடுமே!”

“ஆய்தமும் அத்தகையதுதான் அம்மா. முன்னே ஒரு குற்றெழுத்தும் பின்னே ஒரு வல்லின உயிர்மெய்யும் இல்லாமல் அது வாராது. பெயர் தனிநிலை, வகையோ சார்பெழுத்து” என்றேன்.

அவர் நகைத்து, அப்பெயரையே எழுதிக்கொண்டார். தனிநிலைக்குச் சார்பு வேண்டும் என்பது கருவிக்கும் பொருந்தும். முனையைத் தாழ்வின் பக்கம் இழுக்கும் மின்தடையம் ஒன்றை வெளியே இணைத்துவிட்டால், விழித்த முனை அலையாமல் நிற்கும். உள்ளே உயர்வின் பக்கம் இழுக்கும் தடையம் இருப்பின், வெளித்தடையம் அதனை வெல்லும் அளவினதாதல் வேண்டும்.

இனி, எந்நிலையைத் தேர்ந்துகொள்வது? இருப்பூர்தியின் வரலாறு இதற்கு விடை கூறும். அமெரிக்கராகிய ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ஆம் ஆண்டில் அமைத்த காற்றுத் தடுப்பில், குழாயின் வழியே அழுத்தம் வந்தால்தான் சக்கரத்தைத் தடுப்பு பற்றும். குழாய் அறுந்தாலோ தடுப்பே இல்லை. 1872-ஆம் ஆண்டில் அவர் அம்முறையைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் அழுத்தம் நிலைத்துள்ள வரையில் தடுப்பு விலகியிருக்கும். அழுத்தம் குறைந்தால் தானே வந்து பற்றும். பெட்டி பிரிந்தாலும் குழாய் அறுந்தாலும் வண்டி நிற்கும். ஒருவரும் ஏவாதபோது எது நிகழ்ந்தால் தீங்கு குறையுமோ, அதுவே இயல்பாதல் வேண்டும். இதுவே அவ்வறிஞரது மாற்றத்தின் உட்பொருள்.

ஆயினும், ‘தாழ்நிலையே நன்று’ என்று ஒரு சூத்திரம் செய்துவிடலாகாது. ரிலேக்களுள் சில, முனை உயர்ந்தால் இயங்கும். சில, தாழ்ந்தால் இயங்கும். பின்னவற்றிற்குத் தாழ்நிலையே பகையாகும். மின்னடுப்பு அணைந்து விழிப்பது நன்று. சூடேறிய பொறியைக் குளிர்விக்கும் விசிறியோ சுழன்று விழிப்பது நன்று. சொல்லின் பொருளை அச்சொல்லை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், அது நின்ற இடத்தையும் நோக்குகின்றோம் அல்லவா? முனையின் நிலையையும், அதனோடு பிணைந்திருப்பது யாது என்று அறிந்தே முடிவு செய்தல் வேண்டும்.

தேர்ந்த நிலையைக் கருவிக்கு அறிவிக்கும் வழிகள் இரண்டு. கணினித் திரையில் ஒவ்வொரு முனையாகத் தெரிந்து கையால் அமைப்பது ஒன்று. நிரலில் எழுதி அமைப்பது மற்றொன்று. 1976-ஆம் ஆண்டில் ஆஸ்டின் நகரில் தொடங்கப்பெற்ற நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தார் செய்த பிசிஐ-6509 என்னும் அட்டையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எட்டெட்டு முனைகள் கொண்ட 12 தொகுதிகளாக அதில் 96 முனைகள் உள்ளன. அவற்றின் விழிநிலையைப் பயன்படுத்துவோரே வகுத்துக்கொள்ளலாம். அதற்கென்றே அந்நிறுவனத்தாரின் டாக்எம்எக்ஸ் மென்பொருளில் ஒரு கட்டளை அமைந்துள்ளது. சி மொழியிலும் பைத்தான் மொழியிலும் அதனை எழுதலாம். கட்டளையின் உறுப்புகள் மூன்றே: கருவியின் பெயர், முனையின் பெயர், நிலையின் பெயர். ‘இன்ன கருவியின் இன்ன முனை இன்ன நிலையில் விழிக்க’ என்னும் ஒரு தொடர் போன்றது அது. எழுதிய நிலை, மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் பதியும். பதிந்ததைத் திரும்பப் படித்துப் பார்க்கவும் மற்றொரு கட்டளை உண்டு.

படித்துப் பார்த்தால் மட்டும் போதாது. ரிலேக்குப் பதிலாகச் சிறு விளக்குகளை இணைத்து, மின்சாரத்தை நிறுத்தி, நிரலைத் தொடங்காமல் மீண்டும் மின்சாரம் தந்து, ஒவ்வொரு முனையையும் கண்ணாற் காணவேண்டும். பாடம் ஒப்புவிக்கும் மாணவனைக் கேட்டுப் பார்ப்பது போன்றது இது.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. எல்லாக் கருவிகளும் இவ்வாறு அமைக்க இடந்தருவன அல்ல. மாணவர் பலர் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ பலகையிலுள்ள ஏட்மெகா328பி என்னும் சில்லின் முனைகள், தொடங்கும்போது தனிநிலையிலேயே இருக்கும். அங்கே வெளித்தடையமே காவல். மேலும், அழியா நினைவகம் எண்ணிறந்த முறை எழுதத் தாங்குவதன்று. அதே சில்லின் அழியா நினைவகத்திற்கு 1,00,000 முறை என்று அளவு கூறப்பட்டுள்ளது. ஆதலால் விழிநிலையை எழுதும் கட்டளையைக் கருவி பொருத்தும்போது ஒருமுறை இயக்கவேண்டுமேயன்றி, ஓயாது சுழலும் நிரற்பகுதியில் வைத்தலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, தொட்டியினுள் கைவிடுவோர் மின்விசையை முற்றும் துண்டித்த பின்னரே கைவிடல் வேண்டும். நிரல் எவ்வளவு நன்றாயினும் அது அக்காப்பிற்கு மாற்றாகாது.

அவ்வாறாயின் நிரலில் எழுதுவதன் பயன் யாது? கையால் அமைத்தது அமைத்தவர் நினைவிலும் கருவியின் நினைவகத்திலும் மட்டுமே வாழும். இரண்டும் ஒருநாள் விலகிப் போகும். எழுதிய நிரலோ பிறர் படிக்கத்தக்கது, திருத்தத்தக்கது, புதிய கருவி வந்தால் மீண்டும் இயக்கத்தக்கது. ‘இம்முனை தாழ்நிலையில் விழிக்க, இதனோடு சுழல்தகடு இணைந்துள்ளது’ என்று காரணத்தையும் அருகே எழுதிவைக்கலாம். நம் முன்னோர் ஏடுகளைப் படியெடுத்துக் காத்ததனால் அன்றோ பழைய நூல்கள் செல்லரித்தும் எஞ்சின! மனப்பாடம் மட்டும் இருந்து, படி இல்லாது போன நூல்கள் பாடியவரோடே மறைந்தன. கருவியின் அமைப்பும் அத்தகைய ஓர் ஏடே. அதற்கும் ஒரு படி வேண்டும்.

மாணவர்களே, நீங்கள் நாளை கருவிகளை ஆக்குவோராகவும் ஆள்வோராகவும் வளர்வீர்கள். கருவி நன்றாக இயங்குவதைக் கண்டு மகிழ்வது எளிது. அது உறங்கி எழும்போது, நீங்கள் அங்கு இல்லாதபோது, உங்கள் பெயரையும் அறியாத ஒருவர் அதன் அருகே நிற்கும்போது என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணியதை அமைத்து வையுங்கள். அமைத்ததை எழுதி வையுங்கள். எழுதியதைச் சோதித்து வையுங்கள். கண்முன் நிற்பார்க்கு உதவுவது அன்பு. கண்காணா ஒருவர் கைவிரலுக்கும் தீங்கு நேராவண்ணம் முன்னரே எண்ணிச் செய்வதும் அன்பே.