பம்பு என்ற வார்த்தை

2024 மே மாதம், கத்திரி வெயிலில், வேங்கிக்கால் வீட்டுக் கொட்டகையில் நின்றிருந்த அம்பாசிடர் கிளம்ப மறுத்தது. அந்த மாதக் கடைசிக்குள் அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டிப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். 1979-இல் பதிவான வண்டி. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தச் சடங்கு. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகியிருந்தது. அது பெரிதில்லை. வண்டி தன் சக்கரத்தில் தானே போய் நிற்க வேண்டும் என்பதுதான் பெரிது. போகாவிட்டால் எடைக்குப் போட்டுவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அந்த முடிவுக்கு நானும் தலையசைத்திருந்தேன்.

அப்பா வாங்கிய வண்டி அது. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் உடம்பை வாங்கிவந்து, வங்காளத்தில் உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதி தொடங்கி 2014 மே வரை ஏறக்குறைய அதே உருவத்தில் செய்துகொண்டிருந்தார்கள். அதன் எஞ்சினில் மறைவு என்று ஒன்றும் கிடையாது. பானெட்டைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரிவதாலேயே புரிந்துவிட்டது என்று நினைக்க வைக்கும்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. எனவே பாட்டரியில் குறையில்லை. கோளாறு மின்பொறியில்தான் என்று தீர்மானித்தேன். இந்தத் தீர்மானத்துக்கு ஆதாரம், முன்பு ஒருமுறை அப்படி நேர்ந்தது என்பதைத் தவிர வேறில்லை. பிளக் நான்கு, காயில், பாயிண்ட், கண்டென்சர் எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாக மாற்றினேன். பாயிண்டின் இடைவெளி அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு; அளவுத்தகடு இல்லாததால் நாலு சவரப் பிளேடுகளை அடுக்கி வைத்துப் பார்த்தேன். காரியம் தெரிந்தவன் என்ற திருப்தி. வண்டி கிளம்பவில்லை.

மறுநாள் பெட்ரோலைச் சந்தேகித்தேன். கார்புரேட்டர் வாயில் ஒரு கரண்டி பெட்ரோலை ஊற்றிச் சுற்றிப் பார்த்தேன். பெட்ரோல் வராததுதான் குறை என்றால் இரண்டு விநாடியாவது உறுமிவிட்டு நிற்க வேண்டும். ஓர் அசைவும் இல்லை. ஆக, பெட்ரோலில் பழுதில்லை. காயிலிலிருந்து வரும் ஒயரைக் கழற்றி எஞ்சின் அருகே பிடித்தேன். பொறியே இல்லை. நான் முதலில் சொன்னதே நிரூபணமாகிவிட்டது என்று எனக்கு ஒரு விபரீதமான சந்தோஷம்கூட ஏற்பட்டது.

மூன்றாம் நாள் பாயைக் கூட்டிவந்தேன். அப்பா காலத்திலிருந்தே இந்த வண்டியைப் பார்ப்பவர். இப்போது பட்டறை இல்லை, வயதாகிவிட்டது. பானெட்டுக்குள் குனிவதற்கு முன் கேட்டார்:

“இன்னான்னா மாத்தின தம்பி?”

சொன்னேன்.

“நாலையும் ஒண்ணா மாத்திட்டா, எது கெட்டதுன்னு வண்டி எப்படிச் சொல்லும்? பழசெல்லாம் எடு.”

பழையவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒயரைப் பிடித்துப் பார்த்தார். பழைய கண்டென்சர் உள்ளே போனதும் நீலப் பொறி தாவியது. நான் வாங்கி மாட்டிய புதிய கண்டென்சர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தது. பாயிண்ட் திறக்கிற நேரத்திலும் மின்சாரம் அதன் வழியே உடம்புக்கு இறங்கிவிடும். காயிலில் பொறி பிறக்காது. பிறகு அவரும் ஒரு கரண்டி பெட்ரோல் ஊற்றினார். எஞ்சின் உறுமி, நின்றது. கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிச் சுற்றச் சொன்னார். ஒரு சொட்டும் வரவில்லை. பம்பைப் பிரித்தபோது டயாப்ரம் கிழிந்திருந்தது. 2022-லேயே பெட்ரோலில் பத்து சதவீத எத்தனால் என்ற அளவை நாடு எட்டிவிட்டது. அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. வயதா, எத்தனாலா என்று கேட்டேன். “ரெண்டுந்தான் வெச்சிக்க” என்றார்.

ஆக, வண்டியின் குறை ஒன்று. நான் கொண்டுவந்து சேர்த்த குறை ஒன்று. முதல் நாள் மின்பொறியில் கோளாறு என்று நான் சொன்னது பொய். இரண்டாம் நாள் அது உண்மை, ஏனெனில் இடையில் நானே அதை உண்மையாக்கியிருந்தேன். சரியான சோதனை தவறான விடை தந்ததும் அதனால்தான். நம் விமர்சனங்களில் எத்தனை இவ்விதம் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஒரு கவிதைக்குள் நம் அபிப்பிராயத்தை மாட்டிவிட்டு, பிறகு அதையே சோதனையில் கண்டுபிடிக்கிறோம்.

இதற்கு வெளியில் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் ஒரு சிறுபத்திரிகையில் நான் எழுதிய கவிதை ஒன்று உண்டு. அப்போது திருவண்ணாமலை தனி மாவட்டமாகவில்லை. அது நேர்ந்தது 1989-இல். இன்று வேங்கிக்காலிலேயே இருக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கு அன்று வேலூர் போக வேண்டும். எண்பது கிலோமீட்டர் சொச்சம். போளூர், கண்ணமங்கலம் என்று கோடையில் எங்காவது ஓரிடத்தில் வண்டி நின்றுவிடும். அப்பா இறங்கி, பானெட்டைத் திறந்து, துண்டை நனைத்து எஞ்சினில் எதன்மீதோ சுற்றிவிட்டுப் பேசாமல் நிற்பார். கருவறையில் விக்கிரகத்துக்கு ஈரத் துணி சாத்தும் குருக்களாக அவரை என் கவிதை பார்த்தது. இயந்திரத்தையும் தெய்வமாக்கிவிட்ட ஒரு மனம், பகுத்தறிய மறுக்கும் ஒரு தலைமுறை என்றெல்லாம் அதில் தொனி. படிமம் நன்றாக வந்திருப்பதாக நண்பர்கள் சொன்னார்கள். அப்பாவும் படித்தார்.

“நல்லாத்தான் இருக்கு. பம்புன்னு ஒரு வார்த்தை வந்திருக்கலாம்” என்றார்.

கவிதை தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

புது டயாப்ரம் போட்டு வண்டி ஓடத் தொடங்கியதும், பாய் பம்பின்மேல் கைவைத்துப் பார்த்துவிட்டு ஒரு ஈரத் துணி கேட்டார். பெட்ரோல் சுலபத்தில் ஆவியாவது. கொதிக்கிற எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பம்பு சூடேறினால், உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவாதலால் பெட்ரோல் அங்கேயே ஆவியாகிக் குமிழாக அடைத்துக்கொள்ளும்; பம்பு ஆவியை மட்டும் அழுத்திக்கொண்டிருக்கும். துணியின் ஈரம் உலரும்போது சூட்டை எடுத்துப் போகிறது. பத்து நிமிஷத்தில் பெட்ரோல் மறுபடி திரவமாகிறது. அவ்வளவுதான்.

“உங்கப்பாவுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்” என்றார். “ஒரு வாட்டிதான் சொன்னேன். ஏன்னு கேட்டுக்கினாரு.”

நான் கேட்கவில்லை. பக்கத்தில்தான் நின்றிருந்தேன், எதன்மேல் துணியைச் சுற்றுகிறார் என்று எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தப் படிமம் கிடைத்திருக்காது. வேறு ஏதாவது கிடைத்திருக்கலாம்.

பதிவு புதுப்பிக்கப்பட்டுவிட்டது, 2029 வரை. திரும்பும் வழியில் வேலூர் ரோட்டில் வண்டி நின்றது. துண்டை நனைத்துப் பம்பின்மேல் சுற்றிவிட்டு நின்றேன். பின்னால் வந்த பையன் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, என்ன சார் செய்கிறீர்கள் என்று கேட்டான். அவனுக்கு விளக்கிச் சொன்னேன்.