பழங்கடனும் கப்பற் பிரயாணமும்

கப்பலேறிவிட்டாற் கரையிலுள்ள தொல்லைகள் யாவும் கரையிலேயே நின்றுவிடும் என்றொரு நம்பிக்கை நம்மவரிடையே நெடுநாளாக உண்டு. சீட்டுக் காசு கேட்போருக்கும் வழக்குத் தவணைக்கும் பயந்து, இரவோடிரவாகத் தலைமன்னார் இறங்குதுறைக்குச் சென்று தனுஷ்கோடிக் கப்பலில் ஏறியவர்களின் கதைகளைச் சிறுவயதில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியையே அழித்தது. அக்கதைகளும் அத்தோடு அருகிப் போயின. நம்பிக்கை மாத்திரம் அழியவில்லை.

உண்மையிற் கடலானது ஓடுபவனுக்கு ஒளிப்பிடம் கொடுப்பதை நிறுத்தி நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. கிறிப்பன் என்னும் வைத்தியர் தம் மனைவியைக் கொன்ற வழக்கிலே தேடப்பட்டபோது, 1910ஆம் ஆண்டு மாற்றுப் பெயரில் ‘மொன்றோஸ்’ என்னும் கப்பலிலேறிக் கனடாவை நோக்கிப் புறப்பட்டார். கப்பற்றலைவர் கெண்டல் ஐயங்கொண்டு கம்பியில்லாத் தந்தி மூலம் கரைக்கு அறிவித்தார். லண்டன் பொலீஸ் அதிகாரி டியூ அதனினும் விரைவான ‘லோறன்றிக்’ கப்பலில் முந்திச் சென்று, ஜூலை 31ஆந் தேதி அவரைக் கைது செய்தார். நடுக்கடலில் இருக்கும்போதே ஊரெல்லாம் பத்திரிகையில் வாசித்துக்கொண்டிருந்த செய்தி, அந்த மனிதர் ஒருவருக்கே தெரியாதிருந்தது!

நான் எழுதப்போவது கொலைகாரரைப் பற்றியன்று. கட்டவேண்டிய பணத்தைக் கட்டமுடியாமலும், போகவேண்டிய தவணைக்குப் போகாமலும் இருந்த ஒரு சாதாரண மனிதனைப் பற்றியது. அவன் எனது தங்கையின் மூத்த மகன், எனக்கு மருமகன்.

தங்கை குடும்பத்தார் 1980களின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறி, இப்பொழுது புளோரிடா மாநிலத்தில் வாழ்கின்றனர். 2025 ஜனவரியில் மைத்துனருக்கு எழுபத்தைந்து வயது நிறைவாக இருந்தது. பிள்ளைகள் மூவரும் கூடி, மியாமித் துறைமுகத்திலிருந்து ஏழு நாட் கப்பற் சுற்றுலாவொன்றுக்குக் குடும்பம் முழுவதற்கும் முன்கூட்டியே பணங்கட்டியிருந்தனர். நானும் அதன்பொருட்டே முந்திய நவம்பரில் அங்கு சென்றிருந்தேன்.

இத்தகைய சுற்றுலாவில் ஒரு விசேடம் உண்டு. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிறநாட்டுக் கொடியுடைய கப்பல் பிரயாணிகளை ஏற்றிச் செல்லலாகாதென 1886ஆம் ஆண்டு அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது இன்றும் நடைமுறையில் உள்ளது. இப்பெருங் கப்பல்களோ பெரும்பாலும் பகாமா, பனாமா, மோல்ற்றா போன்ற நாடுகளிற் பதிவானவை. ஆகவே அவை ஏதேனுமோர் அந்நிய மண்ணைத் தொட்டே திரும்புகின்றன. பிரயாணிக்கு அது வெறும் உல்லாசம். சட்டத்தின் கண்ணில் அது வெளிநாடு சென்று மீளும் பிரயாணம். திரும்பும்போது ஒவ்வொருவரும் எல்லை அதிகாரியின் முன் நின்றே கரையேற வேண்டும்.

மருமகனின் கடவுச்சீட்டு காலாவதியாகியிருந்தமையாற் புதியதற்கு விண்ணப்பித்திருந்தான். டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. பிள்ளைத் தாபரிப்புப் பணத்தில் நிலுவை இருப்பதால் கடவுச்சீட்டு வழங்க இயலாது என்பதே அதன் சாரம். அவன் 2019இல் மணவிலக்குப் பெற்றவன். தாயோடு வாழும் ஒன்பது வயதுப் பெண் குழந்தைக்கு மாதந்தோறும் 1,100 டொலர் கட்டவேண்டுமென்பது நீதிமன்றக் கட்டளை. வேலை இருந்தவரை அப்பணம் சம்பளத்திலிருந்தே கழிக்கப்பட்டுக் குழந்தைக்குச் சேர்ந்தது. 2023இன் இறுதியில் வேலை போயிற்று. கழிப்பது நின்றது, கடமை நிற்கவில்லை. சில மாதங்களின் பின் ஒப்பந்த வேலையொன்று கிடைத்தது. அதிற் சம்பளக் கழிவு இல்லை. இயன்றபோது இயன்றதைக் கட்டினான். நிலுவை 6,300 டொலராக வளர்ந்திருந்தது.

இந்த இடத்திற் சட்டத்தின் போக்கைச் சற்று விளக்கவேண்டும். மாணவர்களுக்கும் இது பயன்படும். 1996ஆம் ஆண்டுச் சட்டமொன்று, 5,000 டொலருக்கு மேல் தாபரிப்பு நிலுவை வைத்திருப்போருக்குக் கடவுச்சீட்டை மறுக்க வழிசெய்தது. அவ்வெல்லை 2006 ஒக்ரோபரிலிருந்து 2,500 டொலராகக் குறைக்கப்பட்டது. மாநில அலுவலகம் கணக்கை மத்திய அரசுக்கு அனுப்பும், பெயர் பட்டியலில் ஏறும், அவ்வளவுதான். வேலை போனவன், உடனே நீதிமன்றஞ் சென்று தொகையைக் குறைக்கும்படி மனுச் செய்யவேண்டும். மனுச் செய்வதற்கு முன் ஏறிய நிலுவையைப் பின்னர் குறைக்க நீதிபதிக்கே அதிகாரமில்லை என்பது 1986இல் வந்த விதி. மருமகன் மனுச் செய்யவில்லை. அடுத்த மாதம் வேலை கிடைத்துவிடும், அதன்பின் எல்லாம் சரியாகும் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்திருக்கிறான்.

“அண்ணை, இதை அவருக்கு எப்பிடிச் சொல்லுறது?” என்று தங்கை என்னிடம் வந்து அழுதாள். மைத்துனர் ஊரிலே தபாலதிபராக இருந்தவர். அஞ்சல் முத்திரைக் கணக்கில் ஒரு சதம் இடித்தாலும் இராச்சாப்பாடு இறங்காத மனிதர்.

அப்பொழுதுதான் மருமகனின் நண்பர் ஒருவர் வழியொன்று சொன்னார்: கடவுச்சீட்டே வேண்டாம் என்று! அது பொய்யன்று. 2009 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரே அமெரிக்கத் துறைமுகத்திற் புறப்பட்டு அங்கேயே திரும்பும் சுற்றுலாக் கப்பலில், அந்நாட்டுப் பிரசை பிறப்புச் சான்றிதழையோ குடியுரிமைச் சான்றிதழையோ, படமுள்ள அரசாங்க அடையாள அட்டையோடு காட்டித் திரும்பி வரலாம். மருமகனிடம் இரண்டும் இருந்தன. வீட்டிலே எல்லாருக்கும் பெருமூச்சு வந்தது. தங்கை சாமி படத்துக்கு விளக்கேற்றினாள்.

எனக்கு அந்த ஆறுதல் போதவில்லை. கப்பல் கொசுமெல் தீவில் நிற்கையில் மைத்துனருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிற் சேர்க்க நேர்ந்தால், அங்கிருந்து விமானத்திற் கூட்டிவரக் கடவுச்சீட்டில்லாத மகனால் இயலுமா? அவருக்கு ஏற்கெனவே இருதய வியாதி உண்டு. வற்புறுத்தி மருமகனை ஒரு சட்டத்தரணியிடம் அழைத்துச் சென்றேன்.

சட்டத்தரணி நடுத்தர வயதுப் பெண்மணி. கேள்விகள் சில கேட்டுவிட்டுக் கணினியிற் கோட்டுப் பதிவுகளைப் பார்த்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஒகஸ்ற் மாதத்தில் ஒரு தவணைக்கு மருமகன் அழைக்கப்பட்டிருக்கிறான், போகவில்லை. ஆளைப் பிடித்துக்கொண்டுவரும்படி ஷெரிப்புக்குக் கட்டளை பிறந்திருக்கிறது. வாடகை குறைந்த வீட்டுக்கு மாறியபோது அவன் புதிய விலாசத்தைக் கோட்டுக்கு அறிவிக்கவில்லை. அழைப்பாணை பழைய வீட்டின் தபாற்பெட்டியிலே போய்க் கிடந்திருக்கவேண்டும். தபாலதிபரின் மகன்!

“கடவுச்சீட்டில்லாமற் போகலாம், பெயரில்லாமற் போகமுடியாது,” என்றார் அப்பெண்மணி. கப்பல் புறப்படுமுன்னர் பிரயாணிகள் அனைவரின் பெயர், பிறந்த தேதி முதலியன எல்லைப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு மின்வழியாக அனுப்பப்படவேண்டும். திரும்பி வருமுன்னரும் அவ்வாறே. அப்பெயர்களைப் பொலீஸ் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். இக்காலத்தில் இறங்குதுறையிலே முகத்தைப் படம்பிடித்து ஆளை அடையாளங்காணும் கருவிகளும் உள்ளன. ஆகையாற் பலருக்குப் போகும்போது ஒன்றும் நடப்பதில்லை; ஏழு நாளும் ஆடிப்பாடி மகிழ்ந்து, பெட்டியோடு இறங்கும்போது படிக்கட்டடியில் அதிகாரிகள் காத்திருப்பர். போக்குவரத்துத் தண்டப்பணத்தை மறந்து கோட்டுக்குப் போகாதிருந்தவர்களும், நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கையில் அனுமதியின்றிப் புறப்பட்டவர்களும் இவ்வாறு அகப்படுவதுண்டு என்றார். பேரப்பிள்ளைகளின் முன்னே அப்படியொரு காட்சியை நான் மனத்தில் நினைத்துப் பார்த்தேன், நினைக்கவே பிடிக்கவில்லை.

நம் நாட்டிலும் பிணையில் விடப்படுபவரின் கடவுச்சீட்டை நீதிமன்றிற் கையளிக்கச் சொல்வதும், வெளிநாட்டுப் பயணத்தடை விதிப்பதும் வழக்கமே. 2023 ஒக்ரோபரிற் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பற் சேவை தொடங்கியபோது, பழைய தலைமன்னார்க் காலம் திரும்பிற்று என்று மகிழ்ந்தவர்கள் உளர். அங்கும் குடியகல்வு அதிகாரியின் மேசையைக் கடந்தே கப்பலேறவேண்டும். ஆனால் இங்கு அத்தடை நீதிபதியொருவர் யோசித்து இடுவது. அங்கே கணக்கு எல்லையைத் தாண்டியதும் பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடுகிறது. கொடுக்க மனமில்லாதவனையும் கொடுக்க வழியில்லாதவனையும் அந்தக் கணக்கு வேறுபடுத்துவதில்லை என்பது எனக்கு முதலிற் கொடுமையாகவே தோன்றியது. குழந்தையின் பள்ளிச் செலவும் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை என்று பின்னர் நினைத்துக்கொண்டேன்.

இனி மறைப்பதிற் பயனில்லை. அன்றிரவு நானே மைத்துனரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, மகனை அழைத்து ஒரு கேள்வி கேட்டார்.

“பிள்ளைக்கு எத்தனை மாசம் காசு போகேல்லை?”

“ஒண்டுமே போகாத மாசம் நாலு, அப்பா. மற்ற மாசங்களிலை அரைவாசியெண்டாலும் குடுத்தனான்.”

“அந்த நாலு மாசமும் அந்தப் பிள்ளை என்ன செய்தது?”

மருமகனால் விடை சொல்ல முடியவில்லை. அவனுடைய முன்னாள் மனைவி அக்காலத்தில் எவரிடமும் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. வழக்கு மாநில அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தமையால், தவணையிட்டதும் பெயரை அனுப்பியதும் அவ்வலுவலகமே. அவள் இரவு வேலையொன்றுஞ் சேர்த்துச் செய்திருக்கிறாள். அது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாட் காலையில் மைத்துனர் பிறந்தநாள் விருந்தை நிறுத்திவிட்டார். கப்பலுக்குக் கட்டிய பணம் அவ்வளவு பிந்தி மீளாது. ஆனால் திரும்பி வந்தபின் மண்டபமெடுத்து நூற்றைம்பது பேருக்கு நடக்கவிருந்த விருந்துக்கு முற்பணம் மாத்திரமே கொடுத்திருந்தனர். அதற்கென வைத்திருந்த காசை மகனிடம் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை, துண்டெழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். தங்கைக்கு இதிற் பெரும் மனவருத்தம். “பெத்த பிள்ளையிட்டைத் துண்டோ?” என்றாள். எனக்கென்னவோ அது நியாயமாகவே பட்டது. மகனுக்கும் அப்படியே பட்டிருக்கவேண்டும். அவன் மிகுந்த கவனத்தோடு தேதியிட்டுக் கையெழுத்து வைத்தான்.

இத்தகைய கட்டளையில் எவ்வளவு கட்டினால் ஆளை விடலாமென ஒரு தொகை குறிக்கப்பட்டிருக்கும். மருமகனுக்கு அது 3,000 டொலர். ஜனவரி இரண்டாம் வாரம் சட்டத்தரணியோடு தானாகவே நீதிமன்றிற் தோன்றி அதைச் செலுத்தினான். கட்டளை நீக்கப்பட்டது. மீதியைத் தவணையாகக் கட்டவும், இனிவரும் மாதங்களுக்குத் தொகையை மீளாய்வு செய்யவும் நீதிபதி இணங்கினார். கடவுச்சீட்டுத் தடை மாத்திரம் நீங்கவில்லை. நிலுவை 2,500க்குக் கீழே வந்தவுடன் அது தானாக நீங்கிவிடும் என்று நினைப்போர் பலர், அவ்வாறன்று. பட்டியலிலிருந்து பெயரை எடுக்கும்படி மாநிலம் அறிவித்தாற்றான் நீங்கும். அதற்கு நிலுவை முழுவதும் தீரவேண்டும் என்று அலுவலகத்திற் கூறிவிட்டனர்.

மைத்துனர் இன்னுமொன்று செய்தார். முன்னாள் மருமகளுக்குத் தாமே தொலைபேசியிற் பேசி, பேத்தியைத் தம்மோடு கப்பலுக்கு அனுப்பும்படி கேட்டார். அவள் உடனே சம்மதித்து, நொத்தாரிசின் முன் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் கொடுத்தனுப்பினாள். பதினாறு வயதுக்குட்பட்ட அமெரிக்கப் பிள்ளைக்கு இவ்வகைப் பிரயாணத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். பிள்ளை கப்பலின் நீச்சற்குளத்தைக் கண்டபின் எங்களில் ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பிய அன்று காலை மியாமியில் மருமகனைத் தனியே ஓர் அறைக்கு அழைத்துச் சென்றனர். கட்டளை நீங்கிய செய்தி எல்லாப் பதிவுகளையும் இன்னும் சென்றடையவில்லை போலும். முத்திரையிட்ட நீதிமன்றக் கட்டளையின் பிரதியைச் சட்டத்தரணி சொன்னபடி அவன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். நாற்பது நிமிடம் சென்றது. தங்கை வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு நின்றாள். பேத்தி மைத்துனரின் விரலைப் பிடித்துக்கொண்டு, “அப்பாவை ஏன் கூப்பிட்டவை?” என்று கேட்டாள்.

“ஒரு கணக்குப் பாக்கினம், குஞ்சு. அப்பா கட்டிப்போட்டார். பற்றுச்சீட்டுக் காட்டப் போனவர்,” என்றார் மைத்துனர்.

கடைசித் தவணையை மருமகன் ஜூன் மாதத்திற் கட்டித் தீர்த்தான். சில வாரங்களிற் புதிய கடவுச்சீட்டும் வந்தது. அதை மேசைமேற் கொண்டுவந்து வைத்தபோது மைத்துனர் கையிலெடுத்துப் பார்க்கவில்லையென்று தங்கை எழுதியிருந்தாள். அந்த மாதத்துத் தாபரிப்புப் பணம் கட்டியாயிற்றா என்றுதான் கேட்டாராம். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அவர் அதைக் கேட்கிறார். துண்டிலே மகன் கட்டவேண்டிய மீதி இப்போது 1,400 டொலர்.