கடற்கரைக்கு அழைத்துப் போன வாத்தியாரும், கலாம் கேட்ட மென்பொருளும்

ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் அன்று ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் பாடம். ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்தார். அது எப்படி இறக்கையை அடித்து எழும்புகிறது, வாலை அசைத்து எப்படித் திசை மாறுகிறது என்று விளக்கினார். முடித்துவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டார். புரியவில்லை என்று துணிந்து சொன்ன பிள்ளைகளில் ஒருவர், பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம்.

ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே பறவைகள் நிஜமாகவே பறந்துகொண்டிருந்தன. பலகையில் விளங்காத பாடம் மணலில் நின்று பார்த்ததும் விளங்கியது. தன் வாழ்க்கை விமானத்தின் பக்கமும் ராக்கெட்டின் பக்கமும் திரும்பியதற்கு அந்த மாலைப் பொழுதுதான் காரணம் என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்து ராமேஸ்வரத்தில் அவருக்குக் கிடைத்த கல்வியில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். அப்பா ஜெயினுலாப்தீன் கடற்கரையில் படகு கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். எஸ்.டி.ஆர். மாணிக்கம் தன் வீட்டுப் புத்தகங்களை இரவல் தந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி, உறவினர் சம்சுதீனுக்கு உதவினார். கண்ணெதிரே கட்டப்பட்ட படகையும், கேட்டால் கிடைத்த புத்தகத்தையும் பார்த்துத்தான் அந்தப் பையன் வளர்ந்தார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2003-ம் ஆண்டுக்கு வந்தால், அவர் பேசிய ஒரு பேச்சு இன்னும் நன்றாகப் புரியும்.

புனேயில் ஒரு பேச்சு

2003, மே 28. புனேயில் சர்வதேச தகவல் தொழில்நுட்பக் கழகத்தை நாட்டுக்கு அர்ப்பணிக்கும் விழா. குடியரசுத் தலைவர் கலாம் பேசினார். சில மாதங்களுக்கு முன் மைக்ரோசாஃப்ட் நிறுவனர் பில் கேட்ஸ் டெல்லிக்கு வந்து தன்னைச் சந்தித்ததை அந்தப் பேச்சில் நினைவுகூர்ந்தார். ராஷ்டிரபதி பவன் தோட்டத்தில் இருவரும் நடந்தபடி பேசியிருக்கிறார்கள். மென்பொருள் பாதுகாப்பு பற்றிப் பேச்சு வந்தபோது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைத் திறந்து பார்க்கக்கூடிய மென்பொருளே நாட்டுக்குத் தேவை என்று கலாம் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் பாதுகாப்புக்கான வழிமுறைகளைத் தாமே அதில் சேர்த்துக்கொள்ள முடியும் என்பது அவர் வாதம். அந்த இடத்தில் இருவர் கருத்தும் ஒத்துப்போகவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நூறு கோடி மக்கள் உள்ள நாட்டில் இப்படிப்பட்ட திறந்த மென்பொருள் பெரிய அளவில் வர வேண்டும், நிலைத்து நிற்கவும் வேண்டும் என்பதுதான் அன்று அவர் சொன்னதன் சாரம். பேச்சு உலகம் முழுவதும் செய்தியானது. அவர் பிறந்த கடற்கரையில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு என்ன சொல்கிறது?

வெல்டிங் வைத்து மூடிய இன்ஜின்

மென்பொருள் என்பது மனிதர்கள் எழுதும் வரிகள்தான். அந்த வரிகளுக்கு மூல நிரல் என்று பெயர். கடையில் வாங்கும் பெரும்பாலான மென்பொருள்களில் அந்த வரிகள் மூடி வைக்கப்பட்டிருக்கும். ஓட்டலாம், உள்ளே பார்க்க முடியாது.

ராமநாதபுரம் கரையோரத்துக்காரர்களுக்கு இதைப் படகு இன்ஜினை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். நடுக்கடலில் இன்ஜின் மக்கர் செய்தால் மூடியைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்த ஆள் படகில் இருப்பார். கரைக்கு வந்ததும் மெக்கானிக் பிரிப்பார். பக்கத்தில் நிற்கும் பையன் பார்த்துக் கற்றுக்கொள்வான். அந்த இன்ஜினின் மூடியை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டு, 'கம்பெனி ஆள்தான் திறக்கலாம், திறப்பது குற்றம்' என்று சொன்னால் என்ன ஆகும்? படகு ஓடும். ஆனால், அந்தக் கரையில் இன்னொரு மெக்கானிக் உருவாக மாட்டார்.

1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'க்னூ' திட்டத்தை அறிவித்தபோது எழுப்பிய பிரச்னை இதுதான். ஒரு மென்பொருளை எந்த வேலைக்கும் பயன்படுத்த, உள்ளே படித்துப் பார்க்க, பிறருக்குக் கொடுக்க, தேவைக்கேற்பத் திருத்திப் பகிர என நான்கு சுதந்திரங்கள் வேண்டும் என்று அவர் வகுத்தார். 1991-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸின் முதல் வடிவத்தை வெளியிட்டார். இன்று தெருவுக்குத் தெரு கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்களின் அடியில் ஓடுவதும் அந்த லினக்ஸ் கருதான்.

தமிழில் இதற்குக் 'கட்டற்ற மென்பொருள்' என்ற அழகான சொல் இருக்கிறது. 'விலையில்லா' என்பது வேறு, 'கட்டற்ற' என்பது வேறு. வாட்ஸ்அப் செயலிக்குக் காசு கேட்பதில்லை. ஆனால், அதன் மூடியைத் திறந்து பார்க்க முடியாது. சினிமா பார்க்கப் பலரும் பயன்படுத்தும் ஆரஞ்சு கூம்பு போட்ட வி.எல்.சி-க்கும் காசு இல்லை; அதன் மூல நிரலையோ யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதுவும் பிரான்ஸில் கல்லூரி மாணவர்கள் தொடங்கியதுதான்.

தமிழ்நாடு வைத்த அடிகள்

தமிழ்நாடு இதில் வெறுங்கையோடு நிற்கவில்லை. பல வருடங்கள் பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் ஸ்டார் ஆபீஸ்தான் பாடம். 2007-ல் சென்னை சி-டாக் நிறுவனத்தின் முயற்சியில் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ் வெளிவந்தது. 2011, செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் அந்த பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. 2018-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புக்கு உபுண்டு லினக்ஸ் அறிமுகமானது. கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஓப்பன் ஆபீஸ் வந்தது. அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு பைத்தான் வந்தது. பைத்தானும் கட்டற்ற மென்பொருள்தான்.

ஆனால், மடிக்கணினியைத் திறந்ததும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி வந்த திரையில், எத்தனை பிள்ளைகள் லினக்ஸ் பக்கம் போயிருப்பார்கள்? 'அது என்ன?' என்று கேட்டபோது, பதில் சொல்ல எத்தனை வீடுகளில், எத்தனை வகுப்பறைகளில் ஆள் இருந்திருக்கும்? பொருளைக் கொடுப்பது பாதி வேலை. கூடவே நின்று காட்ட ஒரு வாத்தியார் வேண்டும். பறவைகள் அதற்கு முன்பும் ராமேஸ்வரம் கடற்கரையில் பறந்துகொண்டுதான் இருந்தன.

பக்கத்து மாநிலமான கேரளம் இந்த இடத்தில் கவனமாக நடந்தது. அரசுப் பள்ளிகளில் லினக்ஸைக் கொண்டுவந்தபோது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மலையாளத்தில் பாடப் புத்தகமும் கொடுத்தார்கள். அங்கே அது நிலைத்துவிட்டது.

ஒரு பங்குக் கணக்கு

தங்கச்சிமடத்தில் பிளஸ் டூ கணினி அறிவியல் படிக்கும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளலாம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் வருமானம் இல்லாத மாதங்கள் அவை. தேர்வு முடிந்து, கம்ப்யூட்டர் கிளாஸ் சேரலாமா, கல்லூரிக்கு எவ்வளவு புரட்ட வேண்டும் என்ற பேச்சு வீட்டில் நடப்பதும் அதே மாதங்களில்தான்.

இந்த வீட்டில் ஒரு மென்பொருளுக்கு வருடா வருடம் சந்தா கட்டச் சொல்ல முடியாது. ஊர்ப் பக்கம் நடக்கிற வழக்கம், யாரிடமாவது பென் டிரைவில் திருட்டுப் பிரதி வாங்கிப் போட்டுக்கொள்வது. அதோடு வைரஸும் வந்து சேரும். அதைவிட, தொழிலின் முதல் பாடமே திருட்டிலிருந்து தொடங்கும்.

அவள் பைத்தானை எந்தச் செலவும் இல்லாமல், எந்தக் குற்ற உணர்வும் இல்லாமல் இறக்கிக்கொள்ளலாம். லேப்டாப் இல்லையென்றால் போனிலேயே பைத்தான் எழுதும் செயலிகள் இருக்கின்றன. முதலில் என்ன எழுதுவது? அப்பாவின் பங்குக் கணக்கையே எழுதலாம். பிடிபட்ட மீன் எத்தனை கிலோ, ஏலத்தில் என்ன விலை போனது, அதில் டீசல், ஐஸ் செலவு எவ்வளவு, மிச்சத்தில் படகுக்காரருக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு. பத்துப் பதினைந்து வரிகளில் முடிகிற வேலை. முதல் தடவை தப்பாக வரும். டீசலைக் கழிக்க மறந்திருப்பாள். அப்பாவே பார்த்துவிட்டு, "இப்படி வராதேம்மா" என்பார். திருத்துவாள். பக்கத்து வீட்டு அண்ணன் அதை வாங்கித் தன் வல்லத்தின் கணக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வார்.

இன்னொன்றும் செய்யலாம். பகடை உருட்டுவதுபோல ஏதோ ஓர் எண்ணைத் தரும் 'ரேண்டம்' என்ற பகுதி பைத்தானில் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமா? அந்தக் கோப்பு அவள் கணினியிலேயே இருக்கிறது. திறந்து படிக்கலாம். எல்லாம் உடனே புரியாது. நான்கு வரி புரிந்தாலும், பெரிய பொறியாளர்கள் எழுதிய வரியைத் தானும் படித்துவிட்ட தைரியம் வரும். மூடிய மென்பொருள் ஒருநாளும் தர முடியாத பாடம் இது.

வேலை கிடைக்குமா?

பெற்றோர் கேட்கும் கேள்வி நியாயமானது. 'ஆபீஸ்ல எல்லாம் வேர்டு, எக்செல், டேலிதானே கேக்குறாங்க? இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?'

லிப்ரே ஆபீஸில் கணக்குத் தாள் போடத் தெரிந்தவருக்கு எக்செல் பிடிபடச் சில நாள்கள் போதும். ஒரு கம்பெனி ஸ்கூட்டரில் ஓட்டப் பழகியவர் இன்னொரு கம்பெனி ஸ்கூட்டரை ஓட்டுவது மாதிரிதான். டேலி போன்று குறிப்பிட்ட வேலைக்கான மென்பொருள் தேவைப்பட்டால் அதையும் கற்கத்தான் வேண்டும். அதில் வீம்பு பிடிப்பதில் பயனில்லை. மறுபக்கம், மென்பொருள் துறையில் இன்று சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. பைத்தான், மைஎஸ்க்யூஎல், கிட் போன்றவை தெரியுமா என்பது நேர்முகத் தேர்வில் சகஜமாகக் கேட்கப்படும் கேள்வி.

எங்கே படிப்பது என்ற கவலையும் முன்போல் இல்லை. ஐ.ஐ.டி மும்பையின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் கட்டற்ற மென்பொருள்களுக்கான சிறுசிறு பாட வீடியோக்கள் இருக்கின்றன; பலவற்றுக்குத் தமிழிலேயே விளக்கம் உண்டு. 2012-ல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ், லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் போன்றவற்றை எளிய தமிழில் மின்னூல்களாகவே தருகிறது. சின்னக் குழந்தைகளுக்கு டக்ஸ் பெயின்ட், ஜிகாம்ப்ரி. படம் திருத்த கிம்ப். வரைபடம் போட க்யூஜிஐஎஸ். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் பழைய வரைபடத்தை இன்றைய கரையின் மேல் பொருத்திப் பார்க்க, ராமேஸ்வரத்துப் பள்ளிப் பிள்ளைக்கு இந்தக் கடைசி மென்பொருள் போதும்.

பரணில் இருக்கும் லேப்டாப்

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. 'இனி இது எதற்கு உதவும்' என்று அக்காவோ அண்ணனோ பள்ளியில் வாங்கிய மடிக்கணினியைப் பரணில் போட்ட வீடுகள் இருக்கும். குறைந்த நினைவகத்திலும் ஓடுகிற எடை குறைந்த லினக்ஸ் வகைகள் இருக்கின்றன. பேட்டரி போயிருந்தாலும் சார்ஜரைச் செருகி ஓட்டலாம். லினக்ஸை நிறுவுமுன் பழைய படங்களையும் கோப்புகளையும் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிடுவது மட்டும் முக்கியம். தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் அரை நாள் உட்கார்ந்தால் வேலை முடிந்துவிடும். பள்ளிகளில் கணினி ஆசிரியர்கள் மாதம் ஒரு வகுப்பை 'திறந்து பார்க்கும் வகுப்பு' என்று ஒதுக்கினால், அதுவே பெரிய தொடக்கம். ஆசிரியருக்கே தெரியாத இடம் வந்தால், 'வாங்க, சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்வதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

ராமேஸ்வரம் பேக்கரும்பில் கலாமின் நினைவிடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், அங்கிருக்கும் ராக்கெட்டின் முன் நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள். ஊருக்குத் திரும்பும் வழியில், அந்த ஐந்தாம் வகுப்புக் கதையையும் புனே பேச்சையும் சேர்த்துச் சொல்லலாம்.

தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றி, இன்ஜினைப் பிரித்துப் போட்டு வேலை பார்ப்பார்கள். சுற்றி நின்று பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். எந்த போல்ட் எங்கே போகிறது என்று அப்படித்தான் தெரிந்துகொள்கிறார்கள். அதே இரண்டு மாதங்களில் வீட்டுக்குள் ஒரு பழைய மடிக்கணினியும் பரணிலிருந்து இறங்கினால் நன்றாக இருக்கும்.