வற்றுமுன் பெருகும் பால்



ஆண்டு மலரில் பள்ளியின் வெற்றிகளைப் பட்டியலிடுவது தலைமையாசிரியரின் வழக்கம். இம்முறை அவ்வழக்கத்தினின்றும் சற்று விலகி, நமக்கு நேர்ந்த ஒரு தளர்ச்சியைப் பற்றி எழுத விழைகின்றோம். தளர்ச்சியைவிட அதனை மறைத்ததே பெருந்தீங்காய் முடிந்தமையால், வெளிப்படக் கூறுதல் நலமென எண்ணினோம்.

தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளியில் பயின்று, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயிற்சி முடித்து, மீண்டும் தோட்டப் பள்ளிக்கே திரும்பியவர்கள் நாம். சிறிய பள்ளியின் தலைமையாசிரியருக்கு அலுவலக அறை உண்டு. அதில் அமர நேரந்தான் இல்லை. பாடம் நடத்துதல், அறிக்கை எழுதுதல், கணக்குப் பார்த்தல், வேன் வாராத நாளில் பிள்ளைகளை வீட்டில் கொண்டு சேர்த்தல் ஆகிய அனைத்தும் அவர் பணியே. 2020 மார்ச்சுத் திங்களில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசியே வகுப்பறையாயிற்று. பல வீடுகளில் ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையார் வேலை முடிந்து வந்த பின்னரே பிள்ளையின் கைக்கு வரும். ஆகவே பாடங்கள் இரவு பத்து மணிவரை நீண்டன. பள்ளி திறந்த பின்னரும் அந்த இரவுவேலை நம்மை விட்டகலவில்லை.

வியப்பு யாதெனில், அக்காலத்தில் நாம் குறைவாக உழைக்கவில்லை, கூடுதலாகவே உழைத்தோம். சனிக்கிழமை வகுப்பு வைத்தோம். நூலகத்தைப் புதுப்பித்தோம். நன்கொடைக்கு அலைந்தோம். கண்டோர் பாராட்டினர். உள்ளேயோ வேறொன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. பின்னிரவு மூன்று மணிக்கு விழிப்பு. ஞாயிறு மாலையானால் நெஞ்சில் பாரம். பிள்ளைகளின் சிரிப்பொலி இரைச்சலாய்க் கேட்டது. வீட்டில் மனைவியார் ஒரு சொல் கேட்டால் ஒன்பது சொல் சினந்து பேசினோம். வயதாகிறது என்று நமக்கு நாமே காரணங் கூறிக்கொண்டோம். திருக்குறளில் ‘வலியறிதல்’ அதிகாரத்தைப் பிறர்க்கு விளக்கிய நாம், நம் வலியை அறிந்தோமில்லை.

ஒருநாள் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி கட்டுரை ஏட்டுடன் வந்து நின்றாள். “ஐயா, ‘மிக நன்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் இன்னும் கட்டுரையே எழுதவில்லை, ஐயா” என்றாள். ஏட்டை வாங்கிப் பார்த்தோம். மேலே தலைப்பு, கீழே வெற்றுத்தாள், அதன் அடியில் சிவப்பு மையில் நம் கையெழுத்து. அப்பிள்ளை குறைகூற வரவில்லை. தனக்கு உரியதல்லாத பாராட்டைத் திருப்பித்தர வந்திருந்தாள். நாம் தலைகுனிந்தோம்.

அன்று மாலை, பள்ளித் தோட்டத்தைப் பராமரிக்கும் பெரியவரிடம் இதனைச் சொன்னோம். நெடுங்காலம் பால்மரம் வெட்டியவர் அவர். “ஐயா, பட்டை காயப்போகிற மரம் முதலில் அதிகமாகப் பால் விடும். வெட்டி நேரமாகியும் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் பால் தண்ணீராய் இருக்கும். விவரம் தெரியாதவன் நல்ல மரமென்று இன்னும் வெட்டுவான். பிறகு ஒருநாள் உளி பட்டாலும் பால் வராது. மங்கை மட்டும் பார்க்கக் கூடாது, ஐயா, பாலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்” என்றார். அளவுமீறிய வெட்டு இவ்வாறு மரத்தை வற்றச் செய்யுமென்பது ரப்பர் ஆய்வாளர்களும் கண்ட உண்மையே. வெட்டை நிறுத்தி ஓய்வளிப்பதே முதல் மருந்து.

மறுவாரம் மருத்துவரைக் கண்டோம். நீண்ட களைப்புக்கு உடல்நோயும் காரணமாகலாமாதலின், அவர் முதலில் குருதிச் சோதனை செய்தார். அதில் குறையில்லை. பின்னர் விளக்கினார். ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1974இல் இத்தகைய பணிச்சோர்வைப் பற்றி எழுதினார். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு மூன்று அடையாளங்களை வகுத்தது: ஆற்றல் வற்றுதல், பணியின்மீது ஒட்டுதல் நீங்கிக் கசப்புத் தோன்றுதல், பணியின் பயன் குறைதல். இஃது ஒரு நோயன்று. சீர்செய்யப்படாத பணி நெருக்கடியின் விளைவென்றே அந்நிறுவனம் குறித்தது. மூன்றும் நம்மிடம் இருந்தன. மூன்றாவதற்கு அந்த வெற்றுத்தாளே சான்று.

இருவார விடுப்பு எடுத்தோம். முதல் வாரம் உறக்கத்திலேயே கழிந்தது. ஆயினும் ஓய்வு பாதி மருந்தே. ஓய்ந்த மரத்தைப் பழையபடியே வெட்டினால் மீண்டும் வற்றும். ஆகவே வெட்டும் முறையை மாற்றினோம். கணக்கையும் புறப்பாட நடவடிக்கைகளையும் துணைத் தலைமையாசிரியர்களிடம் ஒப்படைத்தோம். நாம் செய்தால்தான் செம்மையாகும் என்பது கடமையுணர்வன்று, செருக்கே எனக் கண்டோம். இரவு எட்டு மணிக்குமேல் பள்ளிச் செய்தி இல்லை என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அறிவித்தோம். எதிர்ப்பு எழுமென அஞ்சினோம், பெற்றோர்களோ கைதட்டினர். மாலையில் மனைவியாருடன் நடந்தோம். கல்லூரித் தோழர் ஒருவரிடம் வாரமொருமுறை மறைக்காமல் பேசினோம். இடையில் ஒருமுறை பழைய நிலைக்குச் சரிந்தோம். முற்றும் தேற ஓராண்டாயிற்று. அம்மாணவியின் ‘எங்கள் தோட்டம்’ என்னும் கட்டுரையை வரிவரியாகப் படித்து, இரண்டு பிழைகளைத் திருத்தி, ‘நன்று’ என எழுதிய நாளில்தான் தேறினோம் என்று உணர்ந்தோம்.

ஆசிரியப் பெருமக்களே, கூடுதலாக உழைக்கும் தோழர் நலமாகவே இருக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். அருகில் சென்று விசாரியுங்கள். துயரம் இரு வாரங்களுக்குமேல் நீடித்தாலோ, வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் எழுந்தாலோ அது வெறுஞ் சோர்வன்று. உடனே மருத்துவரை நாடுங்கள். பெற்றோர்களே, பள்ளி முடிந்ததும் டியூசன், அது முடிந்ததும் வீட்டுப்பாடம் என ஓடும் பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டும் பாராது, முகத்தையும் பாருங்கள். மாணவச் செல்வங்களே, களைப்பாயிருந்தால் சொல்லுங்கள், சொல்வது கோழைத்தனமன்று.

மங்கு நிரம்புவது மட்டுமே நலமாகாது. மரம் வாழ வேண்டும். நலமுடன் உழைப்போம், நம் பள்ளி வளர்க!