சுவர் இல்லாத காலத்தில் கிடைத்த சுவர்ச் சித்திரம்

போன கிழமை என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஹோல் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் களிமண் சித்திரங்களைப் பார்த்துவிட்டு, "சேர், இதெல்லாம் எங்க வாங்கினது? நல்ல விலை வருமே?" என்று கேட்டார். ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரத்தில் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 டிசம்பர் 26. போயா நாள் காலை. வாப்பாவும், வீடும், உம்மாவின் இரண்டு தறிகளும் அன்றைக்குப் போயின. மருதமுனையில் உள்ளவர்களுக்கு அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. எழுத எனக்கும் கை வராது.

நாங்கள் பாடசாலையில் அகதிகளாக இருந்து, பிறகு கூடாரத்துக்கு மாறினோம். உம்மாவின் காலில் தகரம் வெட்டிய காயம். வெளிநாட்டு மருத்துவக் குழுவோடு வந்திருந்த டென்மார்க் நாட்டுத் தாதி ஒருவர் தினமும் வந்து மருந்து கட்டுவார். அவர் ஊருக்குத் திரும்பும் நாளில் துவாயில் சுற்றிய ஒரு பொருளை உம்மாவின் கையில் வைத்தார். ஒரு சாண் சதுரம். செங்கல் மாதிரிப் பாரம். நீலமும் மண்ணிறமும் கலந்த கிளேஸ், அதில் புடைத்து நிற்கும் இலைகளும் பூக்களும். "வீட்டுச் சுவரில் மாட்டுங்கள்" என்றாராம்.

உம்மா கூடாரத் துணியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எந்தச் சுவர்ல மகன்?" என்று கேட்டார். மொழிபெயர்க்க வந்த தம்பி அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

கடலில் இருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்று சொன்ன காலம் அது. எங்கள் காணி அதற்குள். புது வீடு கிடைக்க மூன்று வருடம் போனது. அவ்வளவு நாளும் அந்தச் சித்திரம் உம்மாவின் சாரிகளுக்கு நடுவில் பெட்டிக்குள் கிடந்தது. வீட்டில் அடித்த முதல் ஆணி அதற்குத்தான். மனித முகமோ மிருகமோ இல்லாததால் உம்மாவுக்கு மாட்டுவதில் சங்கடமும் இருக்கவில்லை. நெசவுக்காரியின் கண்ணால் அதைப் பார்த்து, "அச்சுல எடுத்ததுதான். ஆனா சாயம் கையால ஊத்தியிருக்கு, ரெண்டு மூலையும் ஒரே மாதிரி இல்ல, பாத்தியா?" என்றார். பல வருடம் கழித்து வாசித்தபோதுதான் உம்மா சொன்னது சரி என்று விளங்கியது. உருவத்தை அச்சில் எடுப்பார்கள், கிளேஸைக் கையால் பூசுவார்கள். சூளைக்குள் அது தன் விருப்பப்படி ஓடும். ஒன்றைப் போல் இன்னொன்று வராது.

2013இல் அதைப் படம் எடுத்து முகநூலில் போட்டேன். அன்று இரவு ஒரு செய்தி வந்தது. என்னோடு ஓ.எல். வரை படித்தவன், பக்கத்துப் பெரியநீலாவணைத் தமிழ்ப் பையன். 1990க்குப் பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவன் டென்மார்க்கில் இருப்பது அன்றுதான் தெரியும். நலம் கூட விசாரிக்காமல், "மச்சான், பின்பக்கத்தப் படமெடுத்து அனுப்பு" என்று எழுதியிருந்தான்.

ஆணியில் இருந்து கழற்றிப் பார்த்தேன். பின்னால் முத்திரை: சோஹோல்ம், போர்ன்ஹோல்ம், டென்மார்க். கீழே ஒரு நான்கு இலக்க எண். போர்ன்ஹோல்ம் என்பது பால்டிக் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவு. நல்ல களிமண் இருப்பதால் மட்பாண்டத்துக்குப் பேர்போனது. அங்கே ரொன்னே நகரத்தில் சோஹோல்ம் தொழிற்சாலை 1835இல் தொடங்கி 1996இல் மூடப்பட்டது. நூமி பக்ஹவுசன் போன்ற கலைஞர்கள் அங்கே செய்த சுவர்ச் சித்திரங்கள் 1960, 70களில் அந்த நாட்டுச் சாதாரண வீடுகளில் தொங்கியவை.

அந்தச் செய்தியோடு எங்கள் பேச்சு திரும்பவும் தொடங்கியது. பழையதைப் பற்றிப் பேசத் தைரியம் இல்லாத இரண்டு பேருக்கு, களிமண் நல்ல தலைப்பாக இருந்தது. அவன் பழைய சாமான் கடைகளில் தேடுவான், படம் அனுப்புவான், நான் தெரிவு செய்வேன். ஊருக்கு யாராவது வந்தால் பொதிக்குள் ஒன்று வரும். உயிருள்ள உருவம் வேண்டாம், இலை, பூ, வீடு, தோணி என்றால் சரி என்று சொல்லியிருந்தேன். ஒரு தடவை மீன் அனுப்பிவிட்டான். "மீனுக்கு உயிரில்லையா?" என்று மனைவி கேட்டார். அது இப்போது பாடசாலைச் சித்திர அறையில் இருக்கிறது. இன்னொரு தடவை வந்த தட்டின் பின்னால் 'அரேபியா' என்று இருந்தது. பக்கத்து வீட்டு மாமா சவூதிச் சாமான் என்றே நம்பிவிட்டார். அது ஹெல்சிங்கியில் 1873இல் தொடங்கிய பின்லாந்துத் தொழிற்சாலை. நகரத்தின் அந்தப் பகுதிக்கே அரேபியா என்றுதான் பெயர்.

தேடத் தேட இதற்குப் பின்னால் இருந்த எண்ணமும் பிடிபட்டது. 1917இல் ஸ்டொக்ஹோமில் வீட்டுப் பொருட்களுக்கென்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். சின்ன வீட்டில் வாழும் தொழிலாளிக்கும் அழகான, மலிவான பொருள் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். வில்ஹெல்ம் கோகே என்ற கலைஞர் குஸ்தாவ்ஸ்பெரி தொழிற்சாலைக்காகச் செய்த நீலப்பூப் பீங்கான்களுக்குத் 'தொழிலாளர் பீங்கான்' என்றே பெயர். ஆனால் அதைக் கூடுதலாக வாங்கியது வசதியானவர்கள்தானாம். வாசித்துவிட்டுச் சிரித்தேன். அப்போது என் சுவரில் ஏழு சித்திரங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் நண்பன் குடும்பத்தோடு போர்ன்ஹோல்முக்கு விடுமுறை போனான். ரொன்னேயில் இருந்து வீடியோ கோல் எடுத்தான். ஒரு தெருவில் வரிசையாக மரவீடுகள். "இதெல்லாம் சுவீடன் குடுத்த வீடு மச்சான்" என்றான்.

1945 மே 5ஆம் திகதி டென்மார்க் விடுதலையாகிவிட்டது. ஆனால் போர்ன்ஹோல்மில் இருந்த ஜெர்மன் தளபதி சோவியத் படையிடம் சரணடைய மறுத்தார். மே 7, 8ஆம் திகதிகளில் சோவியத் விமானங்கள் ரொன்னேயையும் நெக்சோவையும் குண்டு வீசி அழித்தன. நாட்டின் மற்ற இடங்களில் சனம் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம், இந்தத் தீவில் வீடுகள் எரிந்தன. பிறகு சுவீடன் 300 மரவீடுகளை அன்பளிப்பாகக் கொடுத்தது. அவற்றில் பல இன்னும் நிற்கின்றன.

ஃபோனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். வீடிழந்து, அடுத்தவர் கொடுத்த வீட்டில் குடியேறிய ஒரு ஊரின் மண் அது. அந்தத் தாதிக்கு இந்த வரலாறு தெரிந்திருந்ததா, கையில் கிடைத்ததைத் தந்தாரா என்று கேட்க இனி வழியில்லை. அவருடைய முழுப் பெயரைக் கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை.

இனித்தான் நான் சொல்ல வெட்கப்படுகிற பகுதி.

கடந்த மாரி வெள்ளத்தில் என் தரம் 8 மாணவி ஒருத்தியின் வீடு, வயற்பக்கம், சுவரோடு விழுந்துவிட்டது. ஊரார் சேர்ந்து இரண்டு அறை கட்டிக் கொடுத்தார்கள். குடிபோகும் நாளில் அரிசி, பாய், பாத்திரங்களோடு ஒரு சுவர்ச் சித்திரமும் கொடுப்போம் என்று எனக்குத் தோன்றியது. ஏழையும் பார்த்தேன். எனக்குப் பிடிக்காத ஒன்று இருந்தது, மூலை உடைந்து நான் பசை போட்டு ஒட்டியது. அதைக் கழற்றிப் பேப்பரில் சுற்றினேன்.

உம்மா கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கண் மங்கல், ஆனால் எந்த ஆணி வெறுமையாக இருக்கிறது என்று தெரியும்.

"அந்தப் புள்ள எனக்கு உடஞ்சதத் தரல்ல மகன்."

அவ்வளவுதான் சொன்னார். ஒட்டியதைத் திரும்ப மாட்டினேன். சாண் அளவு சதுரத்தை, நீல இலைகளை, ஆணியில் இருந்து எடுத்தேன். கை கூசியது என்பதை ஒளிக்க மாட்டேன். உம்மா தன் பழைய சாரித் துண்டு ஒன்றை எடுத்துத் தந்தார், சுற்றுவதற்கு. அந்தப் பிள்ளையின் வீட்டில் இன்னும் பூச்சு வேலை முடியவில்லை. அவளுடைய வாப்பா கல்லுக்கு நடுவில் ஆணி அடித்து மாட்டினார்.

அன்றிரவு நண்பனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கட பழைய வீட்டுச் சுவர் இன்னும் நிக்குதா மச்சான்?" என்று கேட்டான். இருபத்து மூன்று வருட மௌனம், அதற்குப் பிறகு இத்தனை வருடப் பேச்சு, அவன் தன் வீட்டைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த நாள் போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு பக்கச் சுவர் நிற்கிறது.

ஆகவே கேட்ட தம்பிக்குப் பதில்: ஹோலில் இப்போது இருப்பது ஆறு. விலை எனக்குத் தெரியாது. முதல் ஆணி வெறுமையாகத்தான் இருக்கிறது. அதில் வேறொன்றை மாட்ட உம்மா விடவில்லை.