சீக்கிரம் வந்தால் அபராதம்

திருமலையிலிருந்து இறங்கும் கார்களுக்கு ஒரு விசித்திரமான விதி. தாமதமாக வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். சீக்கிரம் வந்தால்தான் வம்பு. ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் என்று குறைந்தபட்ச நேரத்தை வகுத்தது தேவஸ்தானம். புறப்படும்போது நேரம் குறித்த சீட்டு, மறுமுனையில் சரிபார்ப்பு, முந்தி வந்தால் அபராதம். சுமார் 19 கிலோமீட்டருக்கு 40 நிமிடம் என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர்கூட ஆகவில்லை.

புதுக் கார் வாங்கியவர்களுக்கு இது அவமானமாகவே படுகிறது. சித்தூரிலிருந்து திருப்பதி வரையிலான 70 கிலோமீட்டரை அகலமான நெடுஞ்சாலையில் பறந்து வந்தவர்கள் அவர்கள். ஏசி ஓடுகிறது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது, வெளிச்சத்தம் கேட்பதில்லை. நூறைத் தாண்டியது முள்ளைப் பார்த்தால்தான் தெரியும். அந்த வேகம் காலில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அலிபிரி வந்துவிடுகிறது.

சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் கார்ப் பிரியர்களிடையே இதைப்பற்றி ஓயாத வழக்கு. பழைய கை டிரைவர்கள் அம்பாசிடர் கட்சி. மொட்டையும் சந்தனமுமாக ஏழெட்டுப் பேரை அடைத்துக்கொண்டு மலை இறங்கியவர்கள். 'எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு' என்பது அவர்களுக்கு வேதவாக்கு. எஞ்சினின் உறுமலும் ஸ்டியரிங்கின் உதறலும் காரின் பாஷை, அந்தப் பாஷையைப் புதுக் கார்கள் மறக்கடித்துவிட்டன என்பது அவர்கள் புகார். ஏசியைக் கூட்டக்கூடத் திரையைத் தடவ வேண்டும். வளைவில் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கலாமா? ஐரோப்பாவின் பாதுகாப்புச் சோதனை அமைப்பே 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பருக்குக் கையால் தொட்டறியும் விசைகள் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டதால் இந்தக் கட்சிக்கு உற்சாகம்.

முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களைப் பற்றியும் புகார் உண்டு. கார் உருண்டால் கூரை நசுங்காமலிருக்க அவற்றைத் தடிமனாக்கினார்கள். கொண்டை ஊசி வளைவில் எதிரே நிற்கும் ஆளை மறைப்பதும் அதே தூண்தான்.

இளைஞர் கட்சியும் லேசுப்பட்டதல்ல. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடர் மலையேறும்போது ரேடியேட்டர் கொதித்து நின்ற கதைகளை அவர்கள் மறக்கவிடுவதில்லை. ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் கட்டாயமான பிறகு வந்த கார்களை ஏன் குறை சொல்ல வேண்டும்? நியாயமான கேள்வி. மோதினால் பிழைப்பது புதுக் காரில்தான். பழைய காரின் மீதுள்ள பிரியத்தில் பாதி, இளமையின் மீதுள்ள பிரியம்.

ஆனால் மலை கேட்கும் கணக்கு வேறு. ஒன்றரை டன் கார் சுமார் 700 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. எஞ்சின் தடுக்காவிட்டால் அந்த எடையின் சக்தியில் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாக இறங்கும். 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம். பிரேக் கட்டைகள் காய்ந்தால் பிடிப்பு குறையும். திரவம் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்குமே தவிர, காய்ந்த பிரேக்கைக் குளிரவைக்காது. கியரே மாற்றப் பழகாமல் ஆட்டோமேடிக்கில் வண்டி கற்றவர்கள் 'டி'யில் போட்டுவிட்டு வழிநெடுக பிரேக்கை மிதித்தபடி இறங்குகிறார்கள். குறைந்த கியரில் நிறுத்திவைக்கும் வசதி அதே லீவரிலேயே இருக்கிறது. விற்கும்போது யாரும் சொல்வதில்லை. பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு உருட்டும் பழைய பேர்வழிகளும் உண்டு என்பதை அம்பாசிடர் கட்சி சௌகரியமாக மறந்துவிடும்.

இறங்குவதற்கு ஒதுக்கப்பட்டிருப்பதோ 1944-இல் திறந்த முதல் பாதை. ஏறுவதற்கு 70-களில் போட்ட, வளைவு குறைந்த இரண்டாவது பாதை. கஷ்டமான சாலை இறங்குபவருக்கு! அதனால்தான் அந்த 40 நிமிடம். அதையும் ஏமாற்றுகிறார்கள்: வளைவுகளில் விரட்டி வந்து, கடைசியில் ஓரங்கட்டிப் போன் பார்த்து நிமிடத்தைக் கழிக்கிறார்கள். சீட்டு அவர்களை நல்ல டிரைவர் என்கிறது.

2022 செப்டம்பரில் மலைப்பாதைக்கு மின்சாரப் பேருந்துகள் வந்தபின் வழக்கில் மூன்றாவது கட்சி சேர்ந்தது. இவற்றில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் சக்கரத்தைப் பிடிக்கிறது. பிரேக்கில் வெப்பமாக வீணாகியிருக்கும் சக்தியில் ஒரு பங்கு மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்புகிறது. 'அதே கியரில் இறங்கு' என்ற கிழவர்களின் விதியை மோட்டாரே பழகிக்கொண்டது போல. சொந்த மின்சாரக் காரில் வருபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: பேட்டரி நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லை, மோட்டாரின் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். மலைமேல் சார்ஜ் ஏற்றுபவர் நூறு சதவீதம் வரை நிரப்பாமல் கொஞ்சம் காலியாக விட்டுத்தான் இறங்க வேண்டும்.